புது அட்மிஷன்

வீட்டுக்கு நாய் வந்ததும் நம் ஜனங்கள் செய்கிற முதல் காரியம் பேர் வைப்பது. இரண்டாவது, ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுவது. மூன்றாவது, பாவம் வாயில்லா ஜீவன் என்று பால், முட்டை, ஞாயிற்றுக்கிழமைக் கோழி எலும்பு என்று மறுவீட்டு விருந்து வைப்பது. நாலாம் நாள் அதற்கு வயிற்றால் போகும். ஐந்தாம் நாள் டீக்கடையில் வைத்தியம் கேட்பார்கள். ஆறாம் நாள்தான் மாட்டாஸ்பத்திரி என்று ஒன்று இருப்பதே ஞாபகத்துக்கு வரும்.

இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்கிக் காட்டிய ஒரு மனிதர் ஏனாத்தூரில் எங்கள் தெருவில் இருக்கிறார். ரிடையர்டு தலைமையாசிரியர். கணக்கு வாத்தியாராக இருந்து தலைமையாசிரியர் ஆனவர். பையனும் மருமகளும் சென்னையில். வீட்டில் இவரும் டீச்சரம்மாவும்தான். பேச்சுத் துணைக்கு ஒரு நாய் வேண்டுமென்று டீச்சரம்மா விருப்பப்பட, "காசு குடுத்து வாங்குறது எதுக்கு? காப்பகத்துல எத்தனையோ சும்மா கெடக்குது" என்று சார் கிளம்பிவிட்டார். சென்னையில் ஒரு காப்பகத்துக்குத் துணைக்குப் போனது அடியேன்.

அங்கே நாயைப் பார்ப்பதற்கு முன்னால் நம்மைப் பார்த்தார்கள். சொந்த வீடா, வாடகையா? வாடகை என்றால் வீட்டுக்காரர் சம்மதம் உண்டா? வீட்டில் எத்தனை பேர்? வெளியூர் போனால் நாயை யார் பார்ப்பார்கள்? ஆதார் அட்டை இருக்கிறதா? சாருக்கு லேசாகக் கோபம் வந்துவிட்டது. "சார், நம்ம உத்திரமேரூர்க் கல்வெட்டை நினைச்சுக்குங்க" என்றேன். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியது. குடவோலையில் நிற்கிறவனுக்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும், முன்னே பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்கவே கூடாது. ஊர்ச் சபைக்கே அத்தனை கேட்டார்கள். உயிர் சமாசாரத்துக்குக் கேட்கக் கூடாதா? சார் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அவர்கள் கொடுத்தது இரண்டு வயசு மதிக்கத்தக்க பெண் நாய். செம்மண் நிறம். இடது காது நுனியில் கத்தரித்தமாதிரி ஒரு வெட்டு.

"என்னம்மா, காது ஊனமா இருக்கே?"

"அது ஊனம் இல்ல சார், சர்டிபிகேட். கருத்தடை ஆபரேஷன் ஆயிடுச்சுன்னு அர்த்தம்."

இந்தக் காது வெட்டுக்குப் பின்னால் சென்னையின் சரித்திரம் கொஞ்சம் உண்டு. 1959-ல் தி.நகரில் மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு குட்டிகளைக் கேப்டன் சுந்தரம் என்கிற விமானி தூக்கிக்கொண்டு போய் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். அந்த வீட்டில் தொடங்கியதுதான் புளூ கிராஸ். 1964-ல் முறைப்படி பதிவானது. அந்தக் காலத்தில் மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக்கொண்டு போய் மின்சாரம் பாய்ச்சிக் கொல்லும். கொல்ல வேண்டாம், கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுங்கள் என்று புளூ கிராஸ்காரர்கள் முப்பது வருஷத்துக்கு மேல் மன்றாடி, 1996-ல்தான் சென்னை மாநகராட்சி முழுசாக அந்த வழிக்கு வந்தது. 2001-ல் நாடு முழுக்க அதுவே விதியானது. 2023-ல் விதிகளைப் புதுப்பித்தார்கள். ஆபரேஷன் ஆன நாயை மறுபடி பிடித்து வயிற்றைக் கிழிக்காமல் இருக்கத்தான் இந்தக் காது அடையாளம்.

ஆக, நம்ம ஆளுக்கு டி.சி. காதிலேயே இருந்தது. கூட ஒரு தடுப்பூசி அட்டையும் கொடுத்தார்கள்.

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கோடு போட்டு இடது பக்கம், வலது பக்கம் பார்க்கிற வியாதி எனக்கு உண்டு. காப்பகத்து நாய்க்கு ஓப்பனிங் பாலன்ஸ் பூஜ்யம் கிடையாது. நமக்கு முன்னால் அது பட்ட கடனெல்லாம் கூடவே வரும். ஆனால் வருகிற அன்றைக்கே தெரியாது. அடிபட்டது, நோய்ப்பட்டது, வீட்டுக்காரர் விரட்டியது எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கிற இடம் காப்பகம். எவ்வளவு சுத்தமாக வைத்தாலும் ஒன்றுக்கு வந்தால் பத்துக்குத் தொற்றும். சார் பட்டென்று பிடித்துக்கொண்டார்: "ஹாஸ்டல்ல ஒருத்தனுக்கு மெட்ராஸ் ஐ வந்தா வார்டன் என்ன பண்ணுவான் தம்பி?" அதேதான்.

பார்வோ என்கிற ரத்தபேதி, தொற்றின பிறகு வெளியே தெரியச் சாதாரணமாக மூணு நாளிலிருந்து ஒரு வாரம், சமயத்தில் இரண்டு வாரம்கூட ஆகும். டிஸ்டெம்பருக்கு ஒன்றிரண்டு வாரம், அதற்கு மேலும் ஆகலாம். உண்ணிக் காய்ச்சலுக்கு ஒன்றிலிருந்து மூன்று வாரம். சனிக்கிழமை வாலாட்டிக்கொண்டு வந்த நாய் அடுத்த சனிக்கிழமை படுத்துவிட்டால், 'நோய் பிடிச்ச நாயைத் தலையில கட்டிட்டான்' என்று காப்பகத்தைத் திட்டுவார்கள். கொடுத்தவனுக்கும் அன்றைக்குத் தெரிந்திருக்காது, வாங்கினவனுக்கும் தெரிந்திருக்காது. அதனால்தான் வந்ததிலிருந்து ஒரு மாசம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கச் சொல்கிறார்கள். முதல் இரண்டு வாரம் மற்ற நாய்களோடு சேர்க்கவும் கூடாது.

சார் விளக்கெண்ணெய் விடவில்லை. பரணிலிருந்து எழுதாத வருகைப் பதிவேடு ஒன்றை எடுத்தார். முதல் பெயர்: செல்லி. கட்டத்துக்குக் கட்டம் சாப்பாடு, தண்ணீர், மலம், மூத்திரம், இருமல், சொறிவது. சாப்பிட்டால் 'வ'. சாப்பிடாவிட்டால் 'ஆ'. ஆப்சென்ட்டாம்!

முதல் மூன்று நாள் 'ஆ'. செல்லி பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. டீச்சரம்மா கலங்கிப் போனார். புது இடம், புது வாசனை, புது முகங்கள். கல்யாணமாகி வந்த பெண்ணே முதல் நாள் தட்டில் கை வைப்பதில்லை. தண்ணீர் குடித்தது, எட்டிப் பார்த்தது, வாந்தியில்லை. அது போதும். ஆனால் குட்டி நாய் இப்படி ஒரு நாள் பூராப் பட்டினி கிடந்தால் அதைப் புது வீட்டுக் கூச்சம் என்று விடக்கூடாது. உடனே டாக்டரிடம் தூக்க வேண்டும். காப்பகத்தில் என்ன தின்றதோ அதையே முதல் வாரம் கொடுத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு மாற்ற வேண்டும். எலும்பு விருந்தெல்லாம் கிடையாது. சமைத்த கோழி எலும்பு சில்லு சில்லாக உடைந்து குடலைக் குத்தும்.

வந்த மறுநாளே மாட்டாஸ்பத்திரி. போர்டில் 'கால்நடை மருந்தகம்' என்று போட்டிருந்தாலும் எங்கள் பக்கம் அதற்குப் பேர் அதுதான். வரிசையில் ஐந்து மாடு, இரண்டு ஆடு, ஒரு தலைமையாசிரியர். டாக்டரம்மா முதலில் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் ரத்தம் எங்கேயோ போகிறது என்று அர்த்தம். கொக்கிப் புழு உறிஞ்சலாம், உண்ணி உறிஞ்சலாம். பிறகு காதுக்குள், விரல் இடுக்கில், வாலடியில் தேடினார். உண்ணி இருந்தது. பூச்சி மாத்திரை எடைக்குத் தகுந்தமாதிரி கொடுக்க வேண்டும். நாய் எடை மெஷினில் நிற்குமா?

"சார், நீங்க நாயைத் தூக்கிக்கிட்டு ஏறுங்க. அப்புறம் நீங்க மட்டும் ஏறுங்க. கழிச்சுக்கலாம்."

கணக்கு வாத்தியாருக்கே கழித்தல் சொல்லிக்கொடுத்த டாக்டரம்மா. செல்லி பதினாலு கிலோ. சார் எவ்வளவு என்பது பதிவேட்டில் இல்லை.

பூச்சி விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. வயிறு உப்பின குட்டியைப் பார்த்தால் "நல்லா கொழுகொழுன்னு இருக்கு" என்பார்கள். மற்ற இடமெல்லாம் எலும்பாக இருந்து வயிறு மட்டும் பானையாக இருந்தால், உள்ளே புழுக் குடித்தனம் நடக்கிறது. உருண்டைப் புழு தாய் வயிற்றிலேயே குட்டிக்கு ஏறிவிடும். கொக்கிப் புழு தாய்ப்பாலில் வரும். அதனால் குட்டிகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து. பெரிய நாய்க்குச் சாதாரணமாக மூன்று மாசத்துக்கு ஒருமுறை. நாய் கழித்த மண்ணில் பிள்ளைகள் வெறுங்காலோடு விளையாடினால் அந்தப் புழுவின் குஞ்சு தோலுக்குள் நுழைந்து கோடு கோடாக அரிக்கும்.

செல்லி காதோரத்தையும் முழங்கையையும் சொறிந்துகொண்டே இருந்தது. விஷயம் டீக்கடைக்குப் போனது.

"பழைய இன்ஜின் ஆயிலைத் தடவுங்க சார். ரெண்டே நாள்."

"வேணாம் சார், மண்ணெண்ணெய்ல கற்பூரத்தைக் கரைச்சு…"

"காய்ச்சல் இருந்தா நம்ம பாரசிட்டமால்ல பாதி குடுங்க, ஒண்ணும் ஆகாது."

சார் டீயைக் குடித்துவிட்டு, "இன்ஜின் ஆயில் யாருக்கு? உன் டி.வி.எஸ்.ஸுக்கா, எங்க செல்லிக்கா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. நாய் தன் தோலை நக்கும். தடவினது வயிற்றுக்குள் போகும். கழிவு எண்ணெயும் மண்ணெண்ணெயும் தோலைப் பொசுக்குவதோடு உள்ளே போய் ஈரலையும் கெடுக்கும். பாரசிட்டமால் நாயின் ஈரலுக்கு ஆகாது. பூனைக்கு அது எமன். ஐபுபுரூஃபன் நாயின் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் சாய்த்துவிடும். மனுஷ மாத்திரையில் பாதி என்று ஒரு கணக்கே கிடையாது. டாக்டரம்மா பிளேடால் லேசாகத் தோலைச் சுரண்டிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்து, சொறிப் பூச்சிதான் என்றார். இது மனுஷருக்கும் ஒட்டும். மடியில் வைத்துக் கொஞ்சினவர்கள் கையில் சிவப்புப் புள்ளி வந்தால் நம் டாக்டரிடம் நாயைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருக் கோடியில் ஒரு வீடு. போன வருஷம் பிள்ளைகள் ஆசைப்பட்டதென்று ஒரு மாசக் குட்டியைக் கொண்டுவந்தார்கள். தாயை விட்டுப் பிரிக்கிற வயசே இல்லை. ஊசி போடவில்லை. பத்தாம் நாள் வாந்தி. மறுநாள் ரத்தமாகப் போயிற்று. மூன்றாம் நாள் முடிந்தது. பிள்ளைகள் சாப்பிடவில்லை. அப்பா வீடு முழுக்க பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டு, நாற்பது நாள் கழித்து இன்னொரு குட்டி கொண்டுவந்தார். அதே வாந்தி, அதே ரத்தம், அதே கொல்லையில் இரண்டாவது குழி. அந்த வீட்டுக் கடைக்குட்டி அதற்கப்புறம் எந்த நாயையும் தொடுவதில்லை.

பார்வோ கிருமிக்குப் பினாயில் ஒன்றும் செய்யாது. வாசனைதான் மிச்சம். 1978 வாக்கில் உலகம் முழுக்கப் பரவி, சில வருஷத்தில் இந்தியாவுக்கும் வந்துவிட்ட கிருமி அது. தரையிலும் மண்ணிலும் மாசக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். முதலில் அழுக்கைச் சோப்பு போட்டுக் கழுவி, பிறகு கடையில் விற்கிற துணி வெளுக்கும் பிளீச்சை முப்பது பங்கு தண்ணீரில் கலந்து ஊற்றி, பத்து நிமிஷம் ஊறவிட்டுக் கழுவினால் சாகும். மண்தரையை அப்படிக் கழுவ முடியாது. அந்த வீட்டுக்கு மறுபடி நாய் வேண்டுமென்றால் ஊசி எல்லாம் முடிந்த பெரிய நாயாகப் பார்த்துக் கொண்டுவர வேண்டும். குட்டியென்றால் ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை அடுத்தடுத்து, பதினாறு வாரம் ஆகிறவரை. ஒரு ஊசி போட்டதும் தெருவில் விட்டுவிடுகிறார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சத்து முதல் ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்கக்கூடும். அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். டாக்டர் பணம் பிடுங்குகிறார் என்று நினைக்க வேண்டாம்.

செல்லி கதைக்கு வருகிறேன். நாலாம் நாளிலிருந்து பதினெட்டாம் நாள் வரை எல்லாக் கட்டத்திலும் 'வ'. பெஞ்சுக்கு அடியிலிருந்து திண்ணைக்கு வந்து, திண்ணையிலிருந்து சாரின் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பத்தொன்பதாம் நாள் காலை 'ஆ'. மாலையும் 'ஆ'. இருபதாம் நாள் மூக்கிலிருந்து இரண்டு சொட்டு ரத்தம்.

"வெயில் சூடு சார். மோர் ஊத்துங்க" என்றது டீக்கடை.

சார் பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நாயோடு ஷேர் ஆட்டோ ஏறினார். டாக்டரம்மா பக்கத்தைப் புரட்டினார். வந்த அன்று உண்ணி; பத்தொன்பதாம் நாள் சோர்வு; இருபதாம் நாள் மூக்கில் ரத்தம். "இப்படி ஒருத்தர் எழுதிக்கிட்டு வந்தா எனக்குப் பாதி வேலை முடிஞ்சுது சார்" என்றார். ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். உண்ணிக் காய்ச்சல். ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் இறங்கியிருந்தன. டாக்ஸிசைக்ளின் என்கிற, விலை அதிகமில்லாத மாத்திரை; ஆனால் நாலு வாரம் விடாமல் கொடுக்க வேண்டும், சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் தொண்டையைப் புண்ணாக்கும்.

ஐந்தாம் நாள் செல்லி குதிக்க ஆரம்பித்துவிட்டது. டீச்சரம்மா கேட்டார்: "நல்லாத்தானே இருக்கு, இன்னும் எதுக்குங்க மாத்திரை?"

"அரையாண்டுல பாஸ் பண்ணிட்டான்னு முழு ஆண்டுக்கு வராம இருக்கலாமாடி?"

இங்கேதான் பல வீடுகளில் கோட்டை விடுகிறார்கள். பாதியில் நிறுத்தினால் கிருமி உள்ளேயே பதுங்கி, மாசங்கள் கழித்து எலும்பு மஜ்ஜையைப் பிடிக்கும். அப்போது அந்த மலிவு மாத்திரையால் ஆகாது. இன்னொன்று, உண்ணியை நாய் மேல் மட்டும் தேடிப் பிரயோசனமில்லை. வயிறு நிறைந்த பெண் உண்ணி கீழே இறங்கி, சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். சார் கொத்தனாரைக் கூப்பிட்டுத் திண்ணைச் சுவர் வெடிப்பையெல்லாம் பூசினார். உண்ணியை விரலால் நசுக்காமல் சின்ன இடுக்கியால் பிடுங்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டார்.

மாத்திரை முடிந்த வாரம் பள்ளிக்கூட லீவுக்குப் பேரன் வந்தான். எட்டு வயசு. பந்து விளையாட்டில் செல்லியின் பல் அவன் கையில் உரசிவிட்டது. ரத்தம் வரவில்லை, தோல் லேசாக உரிந்திருந்தது. டீச்சரம்மா மஞ்சள் தூளோடு ஓடி வந்தார். பக்கத்து வீட்டிலிருந்து சுண்ணாம்பு வந்தது. சார் இரண்டையும் தடுத்துவிட்டு, பையனைக் குழாயடியில் உட்கார வைத்து, சோப்பு போட்டுக் கையைக் கழுவினார். கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிஷம். பிறகு ஆரம்ப சுகாதார நிலையம்.

"அதான் செல்லிக்கு ஊசி போட்டிருக்கே?" என்றேன்.

"அட்டையில ஒரே ஊசிதான் தம்பி இருக்கு. அதுக்கு முன்னால யார் கடிச்சா, என்ன ஆச்சுன்னு நமக்குத் தெரியுமா?"

டாக்டரும் அதையே சொன்னார். நாய்க்குள் வெறிநோய் மாசக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கலாம். பத்து நாள் நாயைக் கவனியுங்கள், ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள் என்றார். வெறிநோய் ஒருமுறை தலைகாட்டினால் மருந்து கிடையாது.

அந்தக் காலத்தில் தென்னாட்டில் நாய் கடித்தால் வடக்கே கசௌலி வரைக்கும் ரயிலேற வேண்டும். 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்த பிறகுதான் நமக்குப் பக்கத்தில் ஊசி கிடைத்தது. ஆட்டு மூளையிலிருந்து செய்து தொப்புளைச் சுற்றிப் பதினாலு போடுவார்களே, அந்த ஊசியை இந்தியாவில் 2005-க்குள் நிறுத்திவிட்டார்கள். அந்தப் பதினாலுக்குப் பயந்து இன்னமும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மந்திரிக்கப் போகிறவர்கள் எங்கள் பக்கம் உண்டு. இப்போது கையில்தான் போடுகிறார்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். பேரனுக்கு அன்றைக்கு ஒன்று. பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். ரத்தம் வருகிற கடியென்றால் இதோடு காயத்தைச் சுற்றியும் வேறொரு ஊசி உண்டு.

தேதி மறக்கக் கூடாதே என்று சார் பதிவேட்டை எடுத்தார். வரிசை எண் இரண்டில் பேரன் பெயர். ஊசித் தேதிகளுக்கு நேராக நாலு கட்டம். பையன் எட்டிப் பார்த்தான்.

"தாத்தா! என்னை எதுக்கு நாய்க்குக் கீழ எழுதியிருக்கீங்க?"

"அது உனக்கு முன்னாடியே சேர்ந்திருச்சுடா. அட்மிஷன் ஆர்டர்" என்றார் சார், தலையைத் தூக்காமல்.